டார்வின் எழுதினால் கடிதம், நான் எழுதினால் தொல்லையா?

வாசகர் கேள்வி:

அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருக்கிறேன். ஒரே மகன். வெளியூரில் பொறியியல் முதலாண்டு, ஹாஸ்டல் வாசம். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர். கூடப் படிக்கிற பையனிடம் நாலாயிரம் ரூபாய் கடன் வாங்கியதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரிந்ததும் போனில் சத்தம் போட்டேன். "நீ உருப்படமாட்டே" என்றும் வாயில் வந்துவிட்டது. அதிலிருந்து என்னிடம் பேச்சு குறைந்துவிட்டது. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் நல்லதாக நாலு வரி அனுப்புகிறேன். போன மாதம் சார்லஸ் டார்வின் தன் மகனுக்கு எழுதிய புத்திமதிக் கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. மற்றவர்கள் நம்மை நேசிப்பதுதான் வாழ்க்கையின் பெரிய இன்பம், அதற்கு இனிமையாகப் பழகத் தெரிய வேண்டும் என்று போகும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து தமிழில் எழுதி அனுப்பினேன். "ஓகே பா" என்று பதில் வந்தது. வீட்டுப் பூனை குட்டி போட்டதைப் பற்றி அம்மாவிடம் அரை மணி நேரம் பேசியவன்! டார்வின் எழுதினால் கடிதம், நான் எழுதினால் தொல்லையா?

பதில்:

அன்புள்ள ஐயா,

கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் தொழில். "ஓகே பா" என்ற இரண்டு சொல்லுக்குப் பொருள் கேட்டு வரும் அப்பாக்களையும் நிறையப் பார்த்தாயிற்று. ஆனால் டார்வினை மொழிபெயர்த்து அனுப்பிவிட்டு வந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களே வகுப்பில் நடத்துகிற ஆள் என்பதால், அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொண்டு பேசலாம்.

அது 1851 அக்டோபரில் எழுதியது. மூத்த மகன் வில்லியத்துக்கு அப்போது வயது 11. வீட்டைவிட்டு வெளியே ஒரு பாதிரியாரிடம் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். உங்கள் மகனுக்குப் பதினெட்டு இருக்கும். பதினொரு வயதுக்குத் தைத்த சட்டையைப் பதினெட்டு வயதுக்குப் போட்டுவிட்டு, கை நுழையவில்லை என்கிறீர்கள்!

வயதை விடுங்கள். கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். நேசத்தையும் இனிய பழக்கத்தையும் பற்றிய அந்த வாக்கியத்தை அடுத்து அவர் சொல்வது: நீ பெரும்பாலும் அன்பாகத்தான் இருக்கிறாய், உன்னிடம் குறைவது வெளித்தோற்றம் மட்டும், அது சுலபமாக வந்துவிடும். பள்ளித் தோழர்கள், வேலைக்காரர்கள், எதிர்ப்படுகிற எல்லாரிடமும் இனிமையாக இருக்க முயன்று பார், உனக்குத்தான் நல்ல அறிவும் கவனிக்கும் திறனும் இருக்கிறதே. மகன் மேல் அவர் வைக்கிற குற்றம் எவ்வளவு சின்னது பாருங்கள். உள்ளே தங்கம், மேலே கொஞ்சம் தூசி என்கிற மாதிரி. உங்கள் தமிழாக்கத்தில் இந்தப் பகுதி இருந்ததா? நல்ல வாசகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மகனைப் பாராட்டுகிற இடத்தை விட்டுவிட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொன்று. அதே வருடம் ஏப்ரல் 23ஆம் தேதி, டார்வினின் பத்து வயது மகள் ஆனி, மருத்துவத்துக்காகப் போயிருந்த மால்வெர்ன் ஊரில் இறந்துபோனாள். மூன்று வாரம் கழித்து, மே 13ஆம் தேதி, கடைசிக்கு முந்தைய பிள்ளை ஹோரஸ் பிறந்தான். ஆனி போய் ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் அந்த அப்பா, தூரத்தில் இருக்கும் பையனுக்கு "நேசிக்கப்படுவது" என்று எழுதுகிறார். அந்த வருடம் அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இருந்த கனத்தை நாம் பொன்மொழியாக்கி அனுப்பும்போது கூடவே அனுப்ப முடியாது.

உங்களுக்கு நான் உண்மையில் காட்ட நினைப்பது வேறு இரண்டு கடிதங்களை.

1852இல் வில்லியம் ரக்பி பள்ளியில் சேர்ந்தான். பிப்ரவரி 24ஆம் தேதி டார்வின் அவனுக்கு எழுதுகிறார். வகுப்பில் நல்ல இடம் கிடைத்ததாகப் பையன் எழுதியிருந்தான், அதில் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பிறகு வீட்டுச் சேதி. தம்பி ஜார்ஜ் தினமும் குதிரை வீரர் படமாக வரைந்து தள்ளுகிறான், குட்டி லென்னி பழையபடி குண்டாகவே இருக்கிறான். ரக்பி பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கிற விடுதிப் பள்ளி. அங்கே தனியாக இருக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் அந்த வரியைப் படித்ததும் வீட்டுக் கூடத்துக்கே போய் வந்திருப்பான்.

இரண்டு வாரம் ஆகவில்லை. மார்ச் 7ஆம் தேதி தன் பழைய கல்லூரி நண்பர் ஃபாக்ஸுக்கு எழுதுகிறார். அங்கே பேசுகிற ஆளே வேறு! தன்னைப் பிடித்து ஆட்டும் பூச்சாண்டிகள் மூன்று என்கிறார். கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் கொட்டுவதால், அடமானக் கடனாகக் கொடுத்த தன் பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும் என்ற பயம் ஒன்று. பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வந்து தன் கிராமத்தை வளைத்துக்கொள்வான் என்பது இன்னொன்று. எந்தெந்தச் சாலை வழியாக வருவான் என்பதுகூட எழுதியிருக்கிறது. மூன்றாவது, பையன்களுக்கு என்ன தொழில் அமையப் போகிறதோ என்பது. எல்லாவற்றுக்கும் மேலே, தன் நோய் பிள்ளைகளுக்கும் இறங்கிவிடுமோ என்ற திகில். பழைய கிரேக்க, லத்தீன் படிப்பைத் தன்னைப் போல் வெறுக்கிறவன் யாரும் இல்லை, ஆனாலும் அந்தத் தளையை உடைக்கத் தைரியம் வராமல் மகனை அங்கேயே சேர்த்துவிட்டேன் என்றும் ஒத்துக்கொள்கிறார். எல்லாரும் சேர்க்கிற இடத்திலேயே நாமும் சேர்த்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் புரள்வது நம் ஊரில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை பாருங்கள்.

ஒரே மேசை, ஒரே பேனா, பன்னிரண்டு நாள் இடைவெளி. லென்னி குண்டாக இருக்கிற சேதி மகனுக்குப் போனது. பயம் நண்பருக்குப் போனது.

நீங்கள் தினமும் காலையில் அனுப்பும் நாலு வரியை இனி இந்தக் கண்ணால் பாருங்கள். "நேரம் பொன் போன்றது", "தீய நட்பைத் தவிர்" என்று அதில் என்ன எழுதியிருந்தாலும், உங்கள் மகன் படிப்பது "அப்பா பயந்துபோயிருக்கிறார்" என்ற ஒரே வரியைத்தான். பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர்கள். உங்கள் பயம் தப்பில்லை, அது போகிற முகவரிதான் தப்பு. ஸ்டாஃப் ரூமில் உங்கள் வயதில் ஒருவர் இருப்பார், அவர் பிள்ளையும் எங்கேயாவது ஹாஸ்டலில் இருக்கும். டீ குடிக்கும்போது அவரிடம் கொட்டுங்கள். "உங்க பையனுமா?" என்பார். பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

புத்திமதியே சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. டார்வினும் சொன்னார். 1858இல் வில்லியம், அப்பா படித்த அதே கிறைஸ்ட் கல்லூரியில், கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அந்த வருடம் எப்படிப்பட்டது என்று விலங்கியல் ஆசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை 1ஆம் தேதி லண்டனில் லின்னேயன் என்ற அறிவியல் சங்கத்தில், டார்வின், அதே முடிவுக்குத் தனியாக வந்திருந்த வாலஸ், இருவரின் பரிணாமக் கட்டுரைகளும் வாசிக்கப்பட்டன. அதற்கு மூன்று நாள் முன்னால் டார்வினின் கைக்குழந்தை செம்புள்ளிக் காய்ச்சலில் இறந்திருந்தது. அக்டோபரில் மகனுக்குக் கடிதம் எழுதும்போது, அடுத்த ஆண்டு உலகத்தைப் புரட்டிப் போடப்போகிற 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகம் மேசையில் வளர்ந்துகொண்டிருக்கிறது. கடிதத்தில் அந்த மனிதர் எழுதுவது தன் பழைய ஹாஸ்டல் அறையைப் பற்றி. பழைய முற்றம், நடுப் படிக்கட்டு, உள்ளே போகும்போது வலது கைப் பக்கம், ஒரு மாடி ஏறினால் வலது கதவு, அருமையான அறை! முப்பது வருடம் கழித்தும் கதவு எந்தப் பக்கம் என்று நினைவிருக்கிறது. அந்தக் கடிதத்தில் புத்திமதியும் உண்டு. உழைக்கிற பழக்கம் ஏற்கெனவே உனக்கு வந்துவிட்டது, அதை விட்டுவிடாதே, உன் வெற்றி பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கும் என்பது அதன் சாரம். "ஏற்கெனவே" என்ற சொல்லைக் கவனியுங்கள். இல்லாததைத் தேடிப் பிடி என்று அவர் சொல்லவில்லை. கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடாதே என்கிறார்.

நீங்கள் எந்தக் கல்லூரியில் படித்தீர்கள், எந்த அறை, மெஸ்ஸில் என்ன போட்டார்கள், எந்தப் பாடத்தில் தடுமாறினீர்கள்? இதில் ஒன்றாவது உங்கள் மகனுக்குத் தெரியுமா?

கணக்கு அரியருக்கு வருகிறேன். டார்வினுக்கும் கணக்கு வராது. 1828 கோடையில் அதற்கென்றே ஒரு டியூஷன் ஆசிரியரோடு பார்மத் என்ற கடற்கரை ஊருக்குப் போனார். நகரவே இல்லை. அல்ஜீப்ராவின் தொடக்கப் படிகளில் எந்த அர்த்தமும் தெரியவில்லை என்று பிற்காலத்தில் தன் வரலாற்றில் எழுதினார். அந்த ஆசிரியர் மகா மந்தம் என்றும் ஒரு குத்து குத்தியிருக்கிறார். நம் பிள்ளைகள் சொல்வதுதானே! பொறுமையாக உட்கார்ந்து கொஞ்சமாவது கற்றிருக்கலாமே என்று கடைசி வரை வருத்தமும் இருந்தது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு ஒரு புலன் கூடுதலாக இருப்பதுபோல் தோன்றுகிறது என்றார். அப்படிப்பட்டவரின் மகன் ஜார்ஜ், குதிரை வீரர் படம் வரைந்த அதே ஜார்ஜ், 1868 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் ராங்லராக, அதாவது இரண்டாம் இடத்தில், வந்தார். காலை பதினோரு மணிக்குத் தந்தி கிடைத்ததும் டார்வின் எழுதிய பதிலில் புத்திமதி மருந்துக்குக்கூட இல்லை. திரும்பத் திரும்ப வாழ்த்துகிறார், கை நடுங்குகிறது, எழுத முடியவில்லை என்கிறார்.

ராங்லர் மகனுக்கு வாழ்த்து எழுதுவது பெரிய காரியமா என்று கேட்பீர்கள். நியாயம். அப்படியானால் ஹோரஸைப் பாருங்கள். ஆனி இறந்த மூன்றாம் வாரம் பிறந்த அதே பிள்ளை. சின்ன வயதிலிருந்தே நோஞ்சான், படிப்பு விட்டு விட்டுத்தான் நடந்தது. கேம்பிரிட்ஜில் 'லிட்டில் கோ' என்று ஒரு தொடக்கத் தேர்வு உண்டு. கிரேக்கம், லத்தீன் எல்லாம் எழுதித் தேற வேண்டும். ஹோரஸ் அதைத் தாண்டியது 1871 டிசம்பரில், இருபது வயதில். தேறிய சேதி வந்ததும் டார்வின் எழுதுகிறார்: அந்தப் பாழாய்ப்போன லிட்டில் கோவைக் கடந்துவிட்டாயாமே, இனி உன் திறமை இழுக்கிற பக்கம் போகலாம், உடம்பு இடம் கொடுக்கிற மட்டும் கணக்கிலும் அறிவியலிலும் உழைக்கலாம். பரீட்சையை மகனோடு சேர்ந்து அப்பாவும் திட்டுகிறார் பாருங்கள். தேர்வு ஒரு பக்கம், தானும் மகனும் இன்னொரு பக்கம். நம் வீடுகளில் தேர்வும் அப்பாவும் ஒரு பக்கம் நிற்பார்கள், பிள்ளை தனியாக எதிரே நிற்கும்.

அந்தக் கடிதத்தின் அடுத்த பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நேற்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன், யாரும் கண்டுபிடிக்காததை ஒருவன் கண்டுபிடிக்கக் காரணம் என்ன, பெரிய புதிராக இருக்கிறது என்கிறார். கண்டுபிடித்தவர்களைவிடப் புத்திசாலிகள் எத்தனையோ பேர் புதிதாக எதையும் கண்டதில்லை. என் ஊகம், நடக்கிற ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன, அர்த்தம் என்ன என்று தேடுவதைப் பழக்கமாக்கிக்கொள்வதில்தான் அந்தக் கலை இருக்கிறது. அதற்குக் கூர்ந்து பார்க்க வேண்டும், எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பற்றி முடிந்தவரை தெரிந்திருக்க வேண்டும். இப்படிப் போகிறது. எழுதியவருக்கு 62 வயது. மனிதனின் தோற்றம் பற்றிய பெரிய நூல் அந்த ஆண்டுதான் வெளிவந்திருந்தது. 'இப்படிச் செய்தால் கண்டுபிடிப்பாளன் ஆவாய்' என்று எழுத அவரைவிட உரிமை யாருக்கு? ஆனால் அவர் 'எனக்குப் புரியவில்லை, ஊகிக்கிறேன்' என்று நோயாளி மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து யோசிக்கிறார். ஹோரஸ் பிற்காலத்தில் அறிவியல் கருவிகள் செய்யும் நிறுவனத்தைக் கேம்பிரிட்ஜில் தொடங்கினார், அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தார். கடிதத்தால்தான் அப்படி ஆனார் என்று சொல்ல மாட்டேன். கடிதம் கையில் கிடைத்த அன்று அவர் நடை கொஞ்சம் நிமிர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

மகன்களிடம் வேலை கேட்பதும் டார்வினுக்குப் பழக்கம். வில்லியம் சௌதாம்ப்டனில் வங்கித் தொழிலுக்குப் போன பிறகும், லைத்ரம் என்ற ஊதாப்பூச் செடியைப் பார், பூக்களைக் கொண்டு வா, மகரந்தத்தை அள என்று அப்பாவிடமிருந்து கடிதம் போகும். வங்கிக்காரர் மைக்ரோஸ்கோப்போடு உட்காருவார். உங்கள் மகன் பொறியியல் படிக்கிறான். பள்ளி ஆய்வகத்தில் பழுதாகிக் கிடக்கும் ஏதாவது ஒரு சாமானைப் போட்டோ எடுத்து, "இது ஏன் ஓடலைன்னு பாரு" என்று அவனிடம் கேட்டதுண்டா? அதற்கு "ஓகே பா" என்று பதில் வராது.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்தச் சொல். டார்வினின் அப்பா ராபர்ட் பேர்போன மருத்துவர். சுடுவது, நாய், எலி பிடிப்பது, இதைத் தவிர உனக்கு எதிலும் அக்கறை இல்லை, உனக்கும் குடும்பத்துக்கும் நீ அவமானமாகத்தான் ஆகப்போகிறாய் என்று மகனிடம் ஒருமுறை சொன்னார். நம் பேச்சில் அதுதான் "உருப்படமாட்டே". 1876இல், உலகமே தன் பெயரைச் சொல்லும் 67 வயதில், வாழ்க்கை வரலாறு எழுத உட்கார்ந்த டார்வினுக்கு அந்த வாக்கியம் அப்படியே நினைவிருந்தது. அப்பா மேல் அவருக்கு வெறுப்பு இல்லை. நான் அறிந்தவர்களில் மிக அன்பானவர் அவர்தான், கோபத்தில் கொஞ்சம் நியாயம் தவறியிருப்பார் என்று அடுத்த வரியிலேயே சமாதானம் சொல்கிறார். சமாதானம் சொன்னார், மறக்கவில்லை. ஆகவே, சொன்னதை மகன் மறந்திருப்பான் என்று காத்திருக்காதீர்கள். "அன்னிக்குச் சொன்னது தப்பு" என்று போனில் நேராகச் சொல்லுங்கள். "ஆனா நீயும்..." என்று தொடராமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த "ஆனா"தான் கஷ்டம்.

ராபர்ட்டின் மகன் அப்பாவானபோது என்ன செய்தார் என்பதை இன்னொரு மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். கேம்பிரிட்ஜில் படித்தபோது பிரான்சிஸுக்குக் கொஞ்சம் கடன் சேர்ந்துவிட்டது. அப்பாவிடம் போய்ச் சொன்னார். டார்வின் அதை எடுத்துக்கொண்ட விதத்தில், கடன் இருப்பதை வந்து சொன்னதே ஏதோ நற்குணம் போலத் தனக்குத் தோன்றிவிட்டது என்கிறார். பிள்ளைகளிடம் அப்பா ஒரு கோபச் சொல் பேசியதாக நினைவில்லை, ஆனால் அவர் பேச்சை மீற வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை என்பதும் பிரான்சிஸ் சொன்னதுதான். மகன் எழுதிய நினைவு, கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். கழித்துக்கொண்டாலும் மிச்சம் நிறையவே இருக்கிறது.

டார்வினை அப்படியே பிரதி எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பரம்பரைச் சொத்து, வேலையாட்கள், தன் வீட்டு அறையிலேயே வேலை என்று வாழ்ந்தவர். பிள்ளைகளுக்குப் போன வீட்டுக் கடிதங்களில் பெரும் பங்கு மனைவி எம்மாவின் கையெழுத்து. மகள்கள் ஹென்றியெட்டாவும் எலிசபெத்தும் கல்லூரிக்கே போகவில்லை. அப்பாவின் நூலைத் திருத்திக் கொடுக்கும் அளவுக்கு அறிவுள்ள ஹென்றியெட்டாவுக்கு, எந்த மாடி, எந்தக் கதவு என்று கேட்டு எழுத வேண்டிய சந்தர்ப்பமே வரவில்லை. அந்தக் காலத்தின் குறை அந்த வீட்டிலும் இருந்தது.

காலை நாலு வரியை நிறுத்திவிடுங்கள். வாரம் ஒரு முறை போதும், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். பூனைக்குட்டிகளில் எது தாயிடம் பால் குடிக்கச் சண்டை போடுகிறது, எது ஒதுங்கிக் கிடக்கிறது என்று எழுதுங்கள். விலங்கியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல பொருள் வேறு என்ன வேண்டும்? அரியரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு முறை: மறுபடி எப்போது எழுதுகிறாய், அதற்கு என்ன உதவி வேண்டும்? பிறகு அவனாகச் சொல்கிற வரை அந்தப் பேச்சு வேண்டாம்.

அவன் சாப்பாட்டைத் தவிர்க்கிறான், தூங்குவதில்லை, வகுப்புக்குப் போவதில்லை, அம்மாவிடமும் பேச்சை நிறுத்திவிட்டான் என்று தெரிந்தால் மட்டும் இந்தக் கடித யோசனையெல்லாம் ஒதுக்கிவையுங்கள். அன்றைக்கே பஸ் ஏறி நேரில் போய்ப் பாருங்கள், கல்லூரியில் இருக்கும் ஆலோசகரையும் பாருங்கள். இப்போதைக்கு அப்படித் தெரியவில்லை. பூனையைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிற பிள்ளை வீட்டை விட்டு மனதளவில் கிளம்பிவிடவில்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த நாலாயிரத்தை நண்பனுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்றா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கொடுக்கவில்லை என்றால், முதலில் அதை மகனுக்கு அனுப்பிவிடுங்கள். கூட எந்த வரியும் எழுத வேண்டாம்.